தொலைந்துபோன வேதாகம ஊரை அடையாளம் காண்பது எப்படி? பெத்சாயிதாவை வைத்து ஒரு வழிகாட்டி

பெத்சாயிதா எங்கே இருந்தது என்று கேட்டால் இன்று இரண்டு இடங்களைக் காட்டுவார்கள். ஒன்று எத்-தெல். கலிலேயாக் கடலின் வடகரையிலிருந்து ஏறக்குறைய 2 கிலோமீட்டர் உள்ளே தள்ளி நிற்கும் பெரிய மண்மேடு. மற்றொன்று எல்-அரஜ். கரையை ஒட்டியே தாழ்வான நிலத்தில் கிடக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். இரண்டிலும் தேர்ந்த ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் தோண்டியிருக்கிறார்கள். பேதுரு, அந்திரேயா, பிலிப்பு ஆகியோரின் ஊர் (யோவான் 1:44) தாங்கள் தோண்டிய இடம்தான் என்று இரு தரப்பும் சொல்கிறது.

இப்படிப்பட்ட வழக்கை ஒரு சாதாரண வாசகர் எப்படிப் புரிந்துகொள்வது? தாமாகவே எப்படிச் சோதித்துப் பார்ப்பது? வேதபாட வகுப்பு எடுப்பவர்கள், இறையியல் படிப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள், எருசலேம் புனிதப் பயணத்துக்குப் பெயர் கொடுத்துக் காத்திருப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மண்வெட்டி தேவையில்லை. வேதாகமம், வரைபடம், ஒரு நோட்டுப் புத்தகம், கொஞ்சம் பொறுமை போதும். வேலையின் வரிசை மட்டும் முக்கியம். வசனத்தில் தொடங்கி, பழைய எழுத்தாளர்கள், பெயர், நிலம், மண்ணடுக்கு, கல்வெட்டு என்று போக வேண்டும். செய்தித்தாளில் வந்த "கண்டுபிடிப்பு" ஒன்றைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி வசனத்துக்கு வந்தால், தேடுவது எதுவோ அதுதான் எங்கும் தென்படும்.

முதலில் வசனங்களைத் திரட்டுங்கள்

ஊரின் பெயர் வரும் வசனங்கள் அனைத்தையும் ஒத்தவாக்கிய அகராதியின் துணையோடு எழுதிவையுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்த வசனம் இடத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை மட்டும் குறியுங்கள். திசை, தூரம், பயண வழி, அருகிலுள்ள ஊர்கள், ஆறு, ஏரி, மலை, கிணறு. சம்பவத்தை எழுத வேண்டாம்.

சில ஊர்களுக்கு வேதாகமமே முகவரி தந்துவிடுகிறது. நியாயாதிபதிகள் 21:19ஐப் பாருங்கள். சீலோ பெத்தேலுக்கு வடக்கே, பெத்தேலிலிருந்து சீகேமுக்குப் போகும் வழிக்குக் கிழக்கே, லிபோனாவுக்குத் தெற்கே இருக்கிறது. மூன்று ஊர்களும் ஒரு நெடுஞ்சாலையும் சேர்ந்து வலை போடுகின்றன. கிர்பெத் செய்லூன் என்ற இடம் அந்த வலைக்குள் சரியாக விழுகிறது. முதல்முறை முயல்கிறவர்கள் சீலோவை வைத்துப் பழகுவது நல்லது.

எல்லா ஊருக்கும் இந்த வசதி கிடையாது. பல ஊர்கள் பட்டியலில் ஒரு பெயராக மட்டுமே வரும். அப்போது பட்டியலே சாட்சி. யோசுவா 15ஆம் அதிகாரம் யூதாவின் ஊர்களைத் தென்புறம், பள்ளத்தாக்கு நாடு, மலைநாடு, வனாந்தரம் என்று வட்டாரம் வட்டாரமாகப் பிரித்துச் சொல்கிறது. உங்கள் ஊர் எந்த வட்டாரத்தில், எந்த ஊர்களுக்கு நடுவே வருகிறது என்று பாருங்கள். அந்தச் சுற்றத்தில் இடம் தெரிந்த ஊர்கள் இரண்டு மூன்று இருந்தால் தேடும் பரப்பு வெகுவாகச் சுருங்கிவிடும்.

இதற்குத் தெபீர் நல்ல உதாரணம். ஆல்பிரைட் என்ற பெரும் அறிஞர் 1926 முதல் 1932 வரை தெல் பெய்த் மிர்சிம் என்ற மேட்டைத் தோண்டி, அதுவே தெபீர் என்றார். பல பாடநூல்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. ஆனால் யோசுவா 15:48-50 தெபீரை யாத்தீர், சோக்கோ, ஆனாப், எஸ்தெமொ ஆகிய மலைநாட்டு ஊர்களோடு சேர்த்துச் சொல்கிறது. பெய்த் மிர்சிமோ தாழ்ந்த குன்றுப் பகுதியின் ஓரத்தில் இருக்கிறது. எபிரோனுக்குத் தென்மேற்கே அந்த ஊர்களின் நடுவிலேயே உள்ள கிர்பெத் ரபூதில் மோஷே கொகாவி 1968, 1969 ஆண்டுகளில் ஆய்வு செய்தார். அதன் பிறகு பெரும்பாலோர் அந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். பட்டியலில் பக்கத்து ஊர் யார் என்பதைப் பார்த்ததில்தான் வழக்கின் பாதி தீர்ந்தது.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கேயே வேண்டும். ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு. பெத்லகேம் யூதாவிலும் இருக்கிறது, செபுலோனிலும் இருக்கிறது (யோசுவா 19:15). சோக்கோ யோசுவா 15க்குள்ளேயே இரண்டு முறை, இரண்டு வட்டாரங்களில் வருகிறது (வசனங்கள் 35, 48). ராமா, ஆப்பெக் போன்ற பெயர்களும் அப்படியே. எந்த வசனம் எந்த ஊரைப் பற்றியது என்று பிரிக்காமல் ஒரே குவியலாக வைத்தால் இரண்டு ஊர்களின் குறிப்புகள் கலந்து, இல்லாத மூன்றாவது ஊர் ஒன்று உருவாகிவிடும்.

பெத்சாயிதாவுக்கு வருவோம். யோவான் 1:44 அதைப் பட்டணம் என்கிறது. மாற்கு 8:22-26இல் இயேசு குருடனைக் கிராமத்துக்கு வெளியே அழைத்துப்போகிறார். மாற்கு 6:45இல் சீஷர்கள் படவில் ஏறி அங்கே போகப் புறப்படுகிறார்கள். லூக்கா 9:10 அதன் அருகே வனாந்தரமான இடம் இருந்ததைச் சொல்கிறது. யோவான் 12:21 "கலிலேயாவிலுள்ள" பெத்சாயிதா என்கிறது. மத்தேயு 11:21 கோராசினோடு சேர்த்து அதைக் கண்டிக்கிறது. ஆக, படகு போகும் ஊர், மீனவர்களின் ஊர், கிராமம் என்றும் பட்டணம் என்றும் சொல்லத்தக்க ஊர், கோராசினுக்கும் கப்பர்நகூமுக்கும் பக்கத்து ஊர். இவ்வளவுதான் நமக்குக் கிடைத்த முகவரி. கலிலேயா என்ற சொல் மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கும். காரணம் அடுத்த பகுதியில் தெரியும்.

பிறகு வேதாகமத்துக்கு வெளியே எழுதியவர்களிடம் போங்கள்

முதல் நூற்றாண்டு ஊர் என்றால் யோசேப்பஸைத் திறக்காமல் ஒரு அடியும் வைக்க முடியாது. அவர் யூத வரலாற்றாசிரியர் மட்டுமல்ல, கி.பி. 66இல் தொடங்கிய போரில் கலிலேயாவில் படை நடத்தியவர். நிலத்தைக் காலால் அறிந்தவர். காற்பங்கு தேசாதிபதியான பிலிப்பு கெனேசரேத்து ஏரியருகே இருந்த பெத்சாயிதா என்ற கிராமத்தைப் பட்டணமாக உயர்த்தி, இராயனுடைய மகளின் பெயரால் ஜூலியாஸ் என்று பெயரிட்டதாக எழுதுகிறார். சுவிசேஷங்களில் ஓரிடத்தில் கிராமம், ஓரிடத்தில் பட்டணம் என்று வருவது இதோடு நன்றாகப் பொருந்துகிறது. பிலிப்பு ஆண்ட பகுதி யோர்தானுக்குக் கிழக்கே, இன்றைய கோலான் பக்கம். கலிலேயாவோ ஆற்றுக்கு மேற்கே. அதனால்தான் "கலிலேயாவிலுள்ள" என்ற யோவானின் சொல் சிக்கலாகிறது. பிற்கால அறிஞர்கள் சிலர் ஆற்றின் இரு பக்கமும் இரண்டு பெத்சாயிதாக்கள் இருந்தன என்றுகூட வாதிட்டார்கள். எனக்கு அது தேவையற்ற சுமையாகத் தோன்றுகிறது. ஏரியைச் சுற்றி வாழ்ந்த மக்கள் ஆட்சி எல்லையைப் பார்த்துப் பேசியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

யோசேப்பஸ் இன்னும் இரண்டு குறிப்புகள் தருகிறார். ஜூலியாஸைத் தாண்டிய பிறகு யோர்தான் ஏரிக்குள் பாய்கிறது என்பது ஒன்று. ஜூலியாஸ் அருகே நடந்த சண்டையில் தம் குதிரை சதுப்பு நிலத்தில் இடறி, மணிக்கட்டில் அடிபட்டதாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் சொல்வது மற்றொன்று. ஆற்றுமுகம், சதுப்பு நிலம் என இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்யாமல் விடக்கூடாது. அகுஸ்து இராயனின் மகள் ஜூலியா கி.மு. 2இலேயே நாடு கடத்தப்பட்டவள். அவள் பெயரை ஊருக்கு வைத்திருப்பார்களா? இராயனின் மனைவி லிவியாவும் பிற்காலத்தில் ஜூலியா என்று அழைக்கப்பட்டாள். அவளைத்தான் குறித்திருக்க வேண்டும் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். பெயர்க் காரணத்தில் யோசேப்பஸ் தவறியிருந்தாலும், ஊர் ஏரியருகே இருந்தது என்ற அவர் வார்த்தை அதனால் கெட்டுப்போகாது. ஒரே சாட்சியின் ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியாக எடைபோடப் பழகுங்கள்.

பழைய ஏற்பாட்டு ஊர்களுக்கு வேறு சாட்சிகள் உண்டு. எகிப்தில் கர்நாக் கோயில் சுவர்களில் மூன்றாம் துத்மோசும் சீஷாக்கும் பொறித்த ஊர்ப் பட்டியல்கள், 1887இல் கிடைத்த அமர்னா களிமண் கடிதங்கள், அசீரிய அரசர்களின் போர்க் குறிப்புகள். இவற்றுக்கெல்லாம் பிறகு, 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செசரியா ஆயர் யூசேபியஸ் வேதாகம ஊர்ப் பெயர்களைத் தொகுத்து, பலவற்றுக்கு ரோம மைல்கற் கணக்கில் தூரம் எழுதிவைத்தார். ஜெரோம் அதை லத்தீனில் கொண்டுவந்தார். இந்தத் துறையில் நுழைகிறவர்களுக்கு யூசேபியஸ் பெரிய வரம். அவர் காலத்தில் ரோமச் சாலைகளும் மைல்கற்களும் நின்றிருந்தன. பெத்சாயிதாவைப் பற்றி மட்டும் அவர் ஏரியருகே என்பதற்கு மேல் தூரம் எதுவும் தரவில்லை.

தூரக் கணக்கில் கவனமாக இருங்கள். ஒரு ரோம மைல் ஏறக்குறைய 1.48 கிலோமீட்டர். ஒரு ஸ்தாதி ஏறக்குறைய 185 மீட்டர். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் எம்மாவு எருசலேமுக்கு "ஏழு எட்டு மைல்" என்று வாசித்திருப்போம். மூலத்தில் இருப்பது 60 ஸ்தாதி, அதாவது 11 கிலோமீட்டர். சில பழைய கையெழுத்துப் பிரதிகளிலோ 160 ஸ்தாதி என்று இருக்கிறது. அது கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். ஓர் எண் மாறியதால் எம்மாவுக்கு இம்வாஸ், எல்-குபெய்பே, அபு கோஷ், மோட்சா என்று நான்கு இடங்கள் போட்டியில் நிற்கின்றன. எனவே தூரம் தரும் வசனம் என்றால் அடிக்குறிப்பையும் பாருங்கள். தமிழ் மொழிபெயர்ப்போடு நிறுத்தாமல், பிரதி வேறுபாடுகளைக் காட்டும் ஒரு பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

புனிதப் பயணிகளின் குறிப்புகளையும் விட்டுவிடாதீர்கள். வில்லிபால்ட் என்ற ஆயர் ஏறக்குறைய கி.பி. 725இல் ஏரிக்கரை வழியே போனார். பெத்சாயிதாவில் பேதுருவும் அந்திரேயாவும் வாழ்ந்த வீடு இருந்த இடத்தில் ஒரு தேவாலயம் நின்றதாக அவர் பயணக் குறிப்பு சொல்கிறது. இந்த ஒரு வரிக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதைக் கீழே பார்ப்போம்.

ஊரின் பெயர் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது?

1838இல் எட்வர்ட் ராபின்சன் என்ற அமெரிக்க அறிஞர், அரபு நன்கு பேசிய மிஷனரி எலை ஸ்மித்தோடு பாலஸ்தீனாவை ஊர் ஊராகச் சுற்றினார். குருமார் காட்டிய இடங்களை அப்படியே ஏற்காமல், உழவர்கள் தங்கள் ஊர்களையும் பாழ்மேடுகளையும் எப்படி அழைக்கிறார்கள் என்று கேட்டுக் குறித்தார்கள். பெய்தீன் என்பதில் பெத்தேல், அனாதா என்பதில் ஆனதோத், எல்-ஜிப் என்பதில் கிபியோன், முக்மாஸ் என்பதில் மிக்மாஸ், செய்லூன் என்பதில் சீலோ. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழிந்தும் சாதாரண ஜனங்களின் நாவு பெயர்களைக் காப்பாற்றி வைத்திருந்தது. இந்தத் துறை முழுவதும் அந்த உழவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. அவர்கள் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை என்பது வருத்தம்.

பெயரைத் தேட உங்களுக்கு இன்று இருக்கும் வசதி பெரிது. லண்டனில் 1865இல் தொடங்கிய பாலஸ்தீன ஆய்வு நிதியம், கான்டர், கிச்சனர் என்ற இரு இராணுவ அதிகாரிகளைக் கொண்டு 1871 முதல் 1877 வரை யோர்தானுக்கு மேற்கே முழுவதையும் அளந்தது. 26 தாள்களில் வெளிவந்த அந்த வரைபடத்தில் சின்னஞ்சிறு பாழிடத்துக்கும் அப்போது வழங்கிய அரபுப் பெயர் உண்டு. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பிரிட்டிஷ் ஆட்சிக்கால வரைபடங்களை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பார்க்கப் "பாலஸ்டைன் ஓப்பன் மேப்ஸ்" என்ற தளம் உதவும். ஆற்றுக்குக் கிழக்கே என்றால், கோலானை 1880களில் அளந்த ஷூமாக்கரின் வரைபடத்துக்குப் போங்கள்.

இதில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. பெயர் இடம்பெயரும் என்பது முதல் கண்ணி. மேட்டை விட்டு மக்கள் இறங்கி, நீரும் வயலும் உள்ள இடத்தில் குடியேறும்போது பெயரையும் கூடவே எடுத்துப்போவார்கள். பழைய எரிகோ தெல் எஸ்-சுல்தான் என்ற மேட்டில் இருக்கிறது; பெயரோ சற்றுத் தள்ளியுள்ள எர்-ரீஹாவில் இருக்கிறது. அதனால் பெயர் கிடைத்த புள்ளியில் நிற்காமல் சுற்றிலும் இரண்டு மூன்று கிலோமீட்டரில் பழைய மேடு எது என்று பாருங்கள்.

இரண்டாவது கண்ணியில் புதியவர்கள் அதிகம் விழுகிறார்கள். இன்றைய இஸ்ரேலிய வரைபடத்தில் காணும் வேதாகமப் பெயர் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில் அறிஞர்களின் கருத்தை வைத்து அரசு சூட்டியது. கிர்யாத் காத் என்ற நகரம் 1950களில் அமைந்தபோது, பக்கத்து மேடுதான் கோலியாத்தின் காத் என்று நம்பி அந்தப் பெயரை வைத்தார்கள். அங்கே தோண்டிப் பார்த்ததில் காத்துக்கு வேண்டிய பெலிஸ்தரின் பெருநகரம் தென்படவில்லை. இன்று காத் என்று ஏற்கப்படுவது, 1996 முதல் ஆரன் மேயர் தலைமையில் அகழ்ந்த தெல் எஸ்-சாஃபி. நகரத்தின் பெயர் மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது. ஆகவே பெயரைச் சாட்சியாக எடுத்தால் அது எந்த ஆண்டு முதல் வழங்குகிறது என்று கேளுங்கள். 1880 வரைபடத்தில் இல்லாத பெயருக்குச் சாட்சி மதிப்பு இல்லை.

பெத்சாயிதாவுக்குப் பெயர் வழி பெரிதாக உதவவில்லை. எல்-மெசாதியே என்ற கரையோர இடத்தின் பெயரில் சிலர் ஒலி ஒற்றுமை கண்டார்கள். ராபின்சன் எத்-தெல்லைச் சொன்னார். மீனவர் ஊர் ஏரியை விட்டு இவ்வளவு தூரம் இருக்குமா என்று தயங்கிய ஷூமாக்கர் எல்-அரஜைக் காட்டினார். இன்றுள்ள வழக்கு அன்றே தொடங்கிவிட்டது.

நிலத்தைப் படியுங்கள்

இப்போது கையில் இரண்டு மூன்று இடங்கள் இருக்கும். செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, தண்ணீர் எங்கே, சாலை எந்தப் பக்கம், விளைநிலம் உண்டா, காவலுக்கு உயரம் உண்டா என்று பாருங்கள். 1960களில் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த கொரோனா படங்கள் 1995இல் பொதுவில் வந்தன. பிற்காலக் கட்டடங்களும் பெரிய தோட்டங்களும் வருவதற்கு முன்பிருந்த நிலத்தை அவற்றில் காணலாம்.

வசனத்தில் வரும் நில அடையாளம் எதுவோ அதைத் தேடுங்கள். தெபீருக்கு மேற்புற, கீழ்ப்புற நீர்ப்பாங்கு வேண்டும் (யோசுவா 15:19); கிர்பெத் ரபூதுக்கு வடக்கே மேலும் கீழுமாக இரண்டு நீர்நிலைகள் உண்டு. கிபியோனுக்குக் குளம் வேண்டும் (2 சாமுவேல் 2:13). எல்-ஜிப்பில் பாறையைக் குடைந்து படிகளோடு இறங்கும் பெரிய குழிக்குளத்தை ஜேம்ஸ் பிரிட்சார்ட் 1956இல் தொடங்கிய ஆய்வில் வெளிக்கொணர்ந்தார்.

பெத்சாயிதாவில் நிலமே வழக்காடுகிறது. எத்-தெல் தரப்பினர், முற்காலத்தில் ஏரி வடக்கே இன்னும் உள்ளே வந்திருந்தது, ஆறு கொண்டுவந்த வண்டலும் நில அசைவுகளும் கரையைத் தள்ளிவிட்டன என்றார்கள். அப்படியானால் எல்-அரஜ் முதல் நூற்றாண்டில் தண்ணீருக்கடியில் இருந்திருக்க வேண்டும். இது சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று. எல்-அரஜில் தோண்டி, ரோமர் காலத் தரை கிடைத்தால் கூற்று விழும். கிடைக்காவிட்டால் எல்-அரஜ் போட்டியிலிருந்து விலகும். நல்ல கருதுகோள் என்றால் இப்படித்தான், தான் தோற்கும் வழியையும் தானே காட்டும்.

மண்ணடுக்கு சொல்வதைக் கேளுங்கள்

தொல்லியல் மேட்டில் எழுத்தை விட உடைந்த பானை ஓடுதான் அதிகம் பேசும். ஒவ்வொரு காலத்துக்கும் விளிம்பு, வனைவு, பூச்சு வேறு. நீங்கள் தேடும் ஊர் எந்தெந்தக் காலங்களில் மக்கள் வாழ்ந்த ஊராக நூலில் வருகிறது என்று எழுதி, மேட்டில் அந்தக் காலங்களின் ஓடுகள் கிடைத்ததா என்று அகழாய்வு அறிக்கையில் பாருங்கள். இஸ்ரேல் தொல்பொருள் துறையின் கள ஆய்வுத் தளத்தில் இடம் வாரியாக இந்த விவரம் கிடைக்கும்.

இந்தச் சோதனை சில நேரம் மனதை உறுத்தும். ஆயி என்று பலரும் கருதும் எத்-தெல், கலிலேயாவிலுள்ளது அல்ல, பெத்தேலருகே அதே பெயருடைய வேறொரு மேடு. அது கி.மு. 2400 வாக்கில் அழிந்து, கி.மு. 1200 வாக்கில் சிறு கிராமமாக எழும்வரை வெறுமையாகக் கிடந்தது. யோசுவாவின் காலத்தை இந்த இடைவெளிக்குள் வைப்பவர்களுக்கு அது பெரும் சிக்கல். சிலர் வேறு இடம் தேடி கிர்பெத் எல்-மகாதிருக்குப் போனார்கள், சிலர் கதையை வேறு விதமாக வாசிக்கிறார்கள். விசுவாசத்தோடு வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: இந்த இடைவெளியை மறைத்து எழுதாதீர்கள். வகுப்பிலும் மறைக்காதீர்கள். நம் வேதவாசிப்பு அவ்வளவு பலவீனமானது அல்ல.

பெத்சாயிதாவில் எத்-தெல்லை 1987 முதல் ராமி அராவ் குழுவினர் அகழ்ந்தார்கள். பெரிய மதில், நான்கறை வாயில், காளைத் தலையுடன் ஓர் உருவம் செதுக்கிய கல் எனச் செழித்த இரும்புக்கால நகரம் வெளிப்பட்டது. தாவீதின் காலக் கெசூர் அரசின் தலைநகராக அது இருக்கக்கூடும் என்பது பலர் ஏற்கும் கருத்து. முதல் நூற்றாண்டு வீடுகளும் மீன்பிடி கருவிகளும்கூடக் கிடைத்தன. ஆனால் பிலிப்பு கட்டிய பட்டணம் என்று சொல்லத்தக்க ரோமர் காலக் கட்டடங்கள் மிகச் சொற்பம். பைசாந்தியக் காலத் தேவாலயம், அதாவது 4 முதல் 7ஆம் நூற்றாண்டு வரையிலான தேவாலயம், இல்லை.

எல்-அரஜில் கின்னெரெட் கல்லூரியின் மொர்தெகாய் அவியாமும் ஸ்டீவன் நாட்லியும் 2016இல் தொடங்கினார்கள். பைசாந்திய அடுக்குக்குக் கீழே, கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 211 மீட்டர் தாழ்வில் ரோமர் கால அடுக்கு இருந்தது. ஓடுகள், காசுகள், வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகள், ரோமக் குளியல் இல்லத்தின் சிதைவுகள். ஏரி அங்கே மூடியிருந்தது என்ற வாதம் அதோடு மிகவும் தளர்ந்துபோனது. 2019இல் தேவாலயத்தின் சுவர்களும் வண்ணக்கல் தரையும் வெளிவந்தன. வில்லிபால்ட் எழுதிய அந்த ஒரு வரிக்கு மண்ணில் ஓர் இடம் கிடைத்தது.

எழுத்து கிடைத்தால் துள்ளிக் குதிக்காதீர்கள்

ஊர்ப் பெயரோடு எழுத்து கிடைப்பது அபூர்வம். கிடைத்தாலும் கேட்க வேண்டிய கேள்வி: இந்தப் பொருள் நகரக்கூடியதா?

கேசேரைப் பாருங்கள். பிரெஞ்சு அறிஞர் கிளெர்மோன்-கன்னோ 15ஆம் நூற்றாண்டு அரபு வரலாற்றாசிரியர் முஜீர் அல்-தீனின் நூலில் தெல் ஜெசர் என்ற பெயரைக் கண்டு 1871இல் இடத்தைச் சொன்னார். 1874இல் அந்த மேட்டைச் சுற்றியுள்ள பாறைகளில் "கேசேரின் எல்லை" என்று எபிரெய எழுத்தில் வெட்டியிருப்பதைக் கண்டுபிடித்தார். பாறையை யாரும் தூக்கிவர முடியாது. இதைவிடப் பலமான சாட்சி இல்லை. எக்ரோனும் அப்படித்தான். தெல் மிக்னே என்ற மேட்டின் கோயில் இடிபாட்டில் 1996இல் கிடைத்த கனத்த கல்லில், பாதி என்பவனின் மகன் ஆகீஸ் தன்னை எக்ரோனின் அதிபதி என்று எழுதியிருக்கிறான்.

இதற்கு எதிர்ப்பக்கம் பானை. யூதா அரசின் ஜாடிக் கைப்பிடிகளில் "அரசனுக்குரியது" என்ற முத்திரையோடு எபிரோன், சீப், சோக்கோ போன்ற ஊர்ப் பெயர்கள் வரும். லாகீசில் மட்டும் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அதனால் லாகீஸ் எபிரோன் ஆகிவிடாது. ஜாடி பயணம் போகும். எல்-ஜிப்பிலும் கிபியோன் என்று கீறிய கைப்பிடிகள்தான் கிடைத்தன. அங்கே அவை ஒரே இடத்தில் குவிந்திருந்தன, திராட்சரசப் பாதாள அறைகள் அருகிலேயே இருந்தன, ஊர்ப் பெயரும் பொருந்தியது. எல்லாம் சேர்ந்துதான் வழக்கு வென்றது.

எல்-அரஜ் தேவாலயத்தில் 2022இல் ஒரு கிரேக்க எழுத்து தரையில் வெளிப்பட்டது. கிறிஸ்துவின் ஊழியனான கான்ஸ்டன்டைன் என்ற கொடையாளர் பெயரும், "பரலோக அப்போஸ்தலர்களின் தலைவரும் தளபதியுமானவர்" பரிந்து பேச வேண்டும் என்ற வேண்டுதலும் அதில் உண்டு. பைசாந்தியர் பேதுருவை அப்படி அழைப்பது வழக்கம். தரையில் பதித்த எழுத்து, நகராது. ஆனால் அது பெத்சாயிதா என்ற பெயரைச் சொல்லவில்லை. பைசாந்தியக் காலத்துக் கிறிஸ்தவர்கள் இந்த இடத்தைப் பேதுருவோடு சேர்த்து நினைத்தார்கள் என்பதே அதன் சாட்சி. பேதுருவுக்கும் அவர்களுக்கும் இடையே சில நூற்றாண்டுகள் இருக்கின்றன.

எடைபோட்டு, உறுதியின் அளவையும் எழுதுங்கள்

ஒரு தாளில் இடங்களைப் பக்கவாட்டிலும் சாட்சிகளை மேலிருந்து கீழாகவும் எழுதுங்கள். பொருந்துகிறது, பொருந்தவில்லை, மௌனம் என்று மூன்றில் ஒன்றை ஒவ்வொரு கட்டத்திலும் போடுங்கள். மௌனத்தைப் பொருந்துவதாக எண்ணிவிடாதீர்கள். ஒரே மூலத்திலிருந்து வந்த இரண்டு குறிப்புகள் இரண்டு சாட்சிகள் ஆகா; ஜெரோம் யூசேபியஸை மொழிபெயர்த்தால் அது ஒரே சாட்சிதான். முடிவில் "கல்வெட்டால் உறுதி", "மிக வலுவானது", "வழக்கில் உள்ளது", "தீராதது" என்று ஒரு தரம் போடுங்கள். கேசேரும் எக்ரோனும் முதல் தரம். லாகீஸ் இரண்டாவது, யூசேபியஸ் தந்த மைல் கணக்கு, மேட்டின் பருமன், கி.மு. 701இல் சனகெரிப் எழுப்பிய முற்றுகைச் சரிவு எல்லாம் தெல் எத்-துவெய்ரில் ஒன்றுகூடுகின்றன. எம்மாவு கடைசித் தரம்.

பெத்சாயிதாவை நான் "வழக்கில் உள்ளது" என்றே குறிப்பேன். முதல் நூற்றாண்டு ஊருக்கு எல்-அரஜின் பக்கம் தராசு நன்றாகவே சாய்ந்திருக்கிறது. ஏரிக்கரை, ஆற்றுமுகத்துச் சதுப்பு, ரோமர் கால அடுக்கு, பயணி சொன்ன தேவாலயம் என்று ஒன்றையொன்று சாராத சாட்சிகள் அங்கே சேர்கின்றன. எத்-தெல்லின் இரும்புக்கால நகரம் அதன் சொந்தப் பெருமைக்கே போற்றத்தக்கது; பெத்சாயிதா என்ற பெயர் இல்லாமலும் அது பெரிய இடம்.

செய்தியில் "கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று வரும்போதும் இதே தாளை எடுங்கள். 2019இல் யோசே கார்ஃபிங்கெல் குழுவினர் லாகீசுக்கு அருகிலுள்ள கிர்பெத் எ-ராயைத் தாவீது தங்கிய சிக்லாகு என்று அறிவித்தார்கள். பெலிஸ்தர் அடுக்கும், அதன்மேல் தாவீது கால அடுக்கும், தீயில் அழிந்த தடயமும் இருந்தன. ஆனால் யோசுவா 15:31 சிக்லாகைத் தென்புற ஊர்களோடு வைக்கிறது. லாகீசின் பக்கத்து வீடு அந்தத் தென்புறம் அல்ல. அதனால் பல அறிஞர்கள் ஏற்கவில்லை. தெல் செரா போன்ற தெற்கத்திய மேடுகள் இன்னும் களத்தில் நிற்கின்றன.

நேரில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேட்டில் கிடக்கும் ஓட்டை எடுத்துப் பையில் போடாதீர்கள். இஸ்ரேலில் 1978ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோண்டுவது குற்றம். அதைவிட, இடம் மாறிய ஓடு தன் சாட்சியை இழந்துவிடுகிறது. படம் எடுங்கள், நின்ற இடத்தைக் குறியுங்கள், ஓட்டை அங்கேயே விடுங்கள்.

பழகிப்பார்க்க லிப்னாவை எடுத்துக்கொள்ளுங்கள். யோசுவா 10:29-31, 15:42, 21:13; 2 இராஜாக்கள் 8:22, 19:8, 23:31 ஆகியவற்றில் தொடங்குங்கள். சனகெரிப் லாகீசை விட்டு லிப்னாவுக்குப் போன வழியை வரைபடத்தில் கோடிடுங்கள். பிறகு யூசேபியஸ் அதை எந்த நகரத்தின் எல்லைக்குள் வைக்கிறார் என்று பாருங்கள். இன்று அதிகம் பேசப்படும் இடம் தெல் பர்னா. அதன் அகழாய்வு அறிக்கைகளைக் கடைசியில் திறங்கள், தாளில் உங்கள் கட்டங்கள் நிரம்பிய பிறகு.